ஊர் மாறிய ஒரு பிரவுன் பெல்ட்: சேலத்தில் கராத்தே வகுப்பு தேடியதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மாணவிக்கு வயது 14. தூத்துக்குடியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஷோட்டோகான் என்ற பாணிக் கராத்தேயில் சேர்ந்து பிரவுன் பெல்ட் வரை வந்தவள். மூன்றாவது கியூ, அதாவது பிளாக் பெல்ட்டுக்கு இன்னும் மூன்று படி. அம்மா ரயில்வே ஊழியர். மதுரைக் கோட்டத்திலிருந்து சேலம் கோட்டத்துக்கு மாற்றல் வந்ததும் கோடை விடுமுறையிலேயே சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு பிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது, கேஸ் கனெக்‌ஷனும் மாறிவிட்டது, கராத்தே மட்டும் நின்றுபோயிருந்தது. அம்மா எனக்குத் தங்கை முறை, சித்தி மகள். "அண்ணே, நீங்க இந்த ஊர்லயே கராத்தே கத்துக்கிட்டவங்க, பாப்பாவுக்கு ஒரு நல்ல இடமாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். அப்படித்தான் இந்தத் தேடலுக்குள் வந்தேன். பெயர் வேண்டாம் என்று இருவரும் சொன்னதால் ஆட்களின் பெயரோ வகுப்புகளின் பெயரோ இதில் வராது.

சேலத்தில் தற்காப்புக் கலைக்குப் பஞ்சமே இல்லை. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் கண்ணாடி பதித்த ஹால்கள், அம்மாபேட்டை, குகை பக்கம் பள்ளிக்கூட வளாகத்திலும் கல்யாண மண்டபத்து மாடியிலும் நடக்கும் வகுப்புகள், காந்தி ஸ்டேடியம், கன்னங்குறிச்சி பக்கம் விடியற்காலையில் சிலம்பம் என்று எந்தத் திசையில் போனாலும் ஏதாவது ஒன்று இருக்கும். சிக்கல் அவளுடைய வயதில் இருந்தது. நம் ஊர் கராத்தே வகுப்புகளைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் பத்து பன்னிரண்டு வயதுக்குள்தான் இருப்பார்கள். ஒன்பதாவது வந்ததும் டியூஷன் ஆரம்பித்துவிடும், பத்தாவது வந்ததும் பள்ளியிலேயே ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு, பெண் பிள்ளை என்றால் அதற்கும் முன்பே, வயதுக்கு வந்த கையோடு "இதோட போதும்" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பெண் அந்தப் பேச்சையெல்லாம் தாண்டி வந்தவள், இப்போது ஊர் மாறிய இடைவெளியில் அப்படியே விட்டுப்போக எல்லாக் காரணமும் தயாராக இருந்தது. அதனால் நான் தேடியது ஒரே விஷயத்தைத்தான்: பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது தாண்டியும் தங்கியிருக்கிற வகுப்பு.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவரிசையைப் பார்த்தால் போதும். கராத்தே வகுப்பில் பெல்ட் வரிசைப்படி நிற்பார்கள். ஒரு பக்கம் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், இன்னொரு பக்கம் மாஸ்டரும் இரண்டு மூன்று பிளாக் பெல்ட்டும் நிற்பார்கள், இது எல்லா வகுப்பிலும் உண்டு. நடுவில் பச்சை, நீலம், பிரவுன் கட்டிக்கொண்டு பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும். சுவரில் எத்தனை கோப்பை இருந்தாலும் நடுவரிசை காலியாக இருந்தால், அங்கே பிள்ளைகள் வருகிறார்கள், பெல்ட் வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள் என்று அர்த்தம். ஏன் போனார்கள் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும், அத்தனை வீட்டிலும் ஒரே வயதில் போயிருந்தால் காரணத்தை வகுப்புக்குள்ளேதான் தேட வேண்டும்.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். மே மாதம் எந்த வகுப்புக்கும் போகாதீர்கள் என்று தங்கையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மே மாதம் கோடைக்காலப் பயிற்சி என்று எல்லா இடத்திலும் கூட்டம் அள்ளும், சில இடங்களில் ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் முகாம் வேறு நடத்துவார்கள், மலைக்காற்றில் ஓடுவது பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும்தான், ஆனால் அதை வைத்து வகுப்பை எடைபோட முடியாது. ஜூன் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும், கோடைக்கு வந்தவர்கள் நின்றுவிடுவார்கள், அப்புறம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ போய் வகுப்பு தொடங்குவதற்கு முன்பிருந்து முடிந்து கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, ஊர் முழுக்கத் திருவிழா, மறுபடி வகுப்புகள் கலைந்துவிடும். ஆக ஜூன் கடைசியும் ஜூலை முதல் பாதியும்தான் சேலத்தில் ஒரு வகுப்பை உள்ளபடி பார்க்கக் கிடைக்கிற நேரம்.

தூத்துக்குடியிலிருந்து அவர்கள் கொண்டுவந்தவை

இந்தத் தேடலில் பாதி வேலையை அந்த ஊர் மாஸ்டரே முடித்துக்கொடுத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பெல்ட் சான்றிதழ்கள் எல்லாரிடமும் இருக்கும். அவர் அதோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார், கையால் எழுதியது, ஒரு பக்கம். எந்தெந்தக் கட்டா (தனியாக நின்று வரிசையாகச் செய்யும் அசைவுகள்) முடித்திருக்கிறாள், எது இன்னும் பழகவில்லை, குமித்தேயில் (எதிராளியோடு மோதுவதில்) எந்தப் பக்கம் பலம், எப்போது கடைசியாக கிரேடிங் (பெல்ட்டுக்கான தேர்வு) நடந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. தங்கையிடம் வாய்மொழியாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: குதித்து இறங்கும்போதும் திரும்பும்போதும் அவளுடைய இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, இந்த ஒன்றரை வருடத்தில் உயரம் ஏறியதிலிருந்து அப்படி, அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. நான்தான் தங்கையிடம், இதைப் புது இடத்தில் முதலிலேயே சொல்லிவிடாதே, யார் கண்ணில் படுகிறது என்று பார்ப்போம் என்றேன்.

இது வெறும் பரீட்சைக்காகச் சொன்னதில்லை. பருவம் எய்துகிற வயதிலிருந்து பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் முன்பக்க சிலுவைத் தசைநார் (ACL) கிழிகிற ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடக் கூடுதல். திடீரென்று நின்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்வதுதான் அது நடக்கிற முக்கியமான வழிகளில் ஒன்று. இடுப்புத் தசைகளுக்குப் பலம் ஏற்றி, இறங்கும் முறையைத் திருத்திப் பழக்கினால் ஆபத்தைக் குறைக்கலாம். கிழிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு, பல பேருக்கு விளையாட்டே அதோடு முடிந்துவிடும். அதனால் பதினான்கு வயதுப் பெண்ணை ஒரு மாஸ்டரிடம் ஒப்படைக்கும்போது அவருடைய கண் அவள் முட்டிக்குப் போகிறதா என்பது எனக்குப் பெரிய விஷயம்.

பார்த்த இடங்கள்

முதலில் ஷோட்டோகானே சொல்லித்தருகிற ஓர் இடம். அதே பாணி என்பதால் இயல்பாகவே அங்கேதான் போனோம். அருமையான ஹால், தரை முழுக்க மேட், ஒரு சுவர் நிறையக் கண்ணாடி, இன்னொரு சுவர் நிறையக் கோப்பை. வாசலில் பெரிய பேனர், அதில் 'ஒலிம்பிக் கனவு' என்று எழுதியிருந்தது. இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில் ஒரே ஒரு முறைதான், கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்த அந்தப் போட்டியில். 2024 பாரிஸில் கராத்தே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருக்கிறது, உலக சாம்பியன்ஷிப் இருக்கிறது, கனவு காண அதுவே போதும், இல்லாததைச் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டியதில்லை.

சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அங்கே சொன்னது: இது எங்கள் சங்கத்துச் சான்றிதழ் இல்லை, எங்களிடம் சேர்ந்தால் வெள்ளை பெல்ட்டிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது தனித் தேர்வு வைத்து எங்கள் பெல்ட் தருவோம், ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவளை ஒரு கட்டா போடச் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு வருத்தம் இதில்தான். வேறு சங்கத்துப் பெல்ட்டை அப்படியே ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது, இந்தியாவில் கராத்தேக்கு ஏகப்பட்ட சங்கங்கள், ஒன்றின் தரம் இன்னொன்றுக்குத் தெரியாது, ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு மாஸ்டர் சொன்னால் அது நியாயம். ஒரு பிள்ளை ஏழு வருடம் உழைத்துக் கட்டிய பெல்ட்டை, அவள் கை காலை அசைத்துப் பார்க்காமலேயே, பணம் கட்டினால் உண்டு கட்டாவிட்டால் இல்லை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நடுவரிசையையும் பார்த்தேன். எட்டு வயது, ஒன்பது வயதில் பிரவுன் பெல்ட் கட்டியவர்கள் இருந்தார்கள். பதினைந்துக்கு மேல் பெண் ஒருத்தியும் இல்லை.

ஸ்டேடியத்தில் டேக்வாண்டோவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தோம். நல்ல விளையாட்டு, 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் பதக்கத்துக்கான போட்டி, கருப்புப் பெல்ட்டுக்கு கொரியாவில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவானின் சான்றிதழ் என்று உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இருக்கிறது, அதனால் ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பங்களுக்கு ஒருவகையில் வசதி. ஆனால் போட்டியில் கிட்டத்தட்ட எல்லாம் கால்தான், முகத்தில் குத்தே கிடையாது. அவள் பார்த்துவிட்டு, "மாமா, எனக்குக் கை வேணும்" என்றாள். அதோடு அது முடிந்தது.

சிலம்பம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எனக்கு மனம் இளகியது. கன்னங்குறிச்சி பக்கம் ஒரு வாத்தியார், அறுபதைத் தாண்டியவர், திறந்த மைதானத்தில் விடியற்காலையில் சொல்லிக்கொடுக்கிறார். காசு என்று எதுவும் பேசவில்லை, மாதம் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்றார். அவள் நின்ற நிலையைப் பார்த்ததுமே, "கண்ணு, நீ கராத்தேயா? கால் நல்லா பதிஞ்சிருக்கு. இங்க கால் ஓடணும்" என்றார். கையில் கம்பு கொடுக்கவே இல்லை. முதலில் வெறும் காலடி, முன்னே பின்னே, பக்கவாட்டில், முக்கோணமாக, வட்டமாக. கம்பு சுற்றுவது பார்க்க அழகாக இருப்பதால் எல்லாரும் கையைத்தான் பார்ப்பார்கள், உண்மையில் கம்புக்கு வழி விடுவது கால். சுவடு சரியில்லாமல் கம்பைச் சுற்றினால் தன் முட்டியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். காலடி ஓரளவு வந்த பிறகு அவளுக்கென்று ஒரு பிரம்பு, நிற்கும்போது நெற்றிக்கு வருகிற உயரத்தில் அளந்து வெட்டிக் கொடுத்தார். இப்போது அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது, அதனால் முன்பு கோயில் திருவிழாவோடு நின்றுபோனதை இன்று பெற்றோர்கள் கொஞ்சம் தைரியமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள், இதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

அங்கே நடுவரிசை இருந்தது. கல்லூரிப் பையன்கள், ஐடிஐ படிக்கிறவர்கள், கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற இரண்டு பேர். பெண்கள் என்று பார்த்தால் எல்லாம் சின்னப் பிள்ளைகள். பக்கத்தில் கழிப்பறை கிடையாது. இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் பதினான்கு வயதுப் பெண்ணை வளர்க்காதவர்களாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து போய் வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம், மாதவிடாய் நாட்களில் அவள் என்ன செய்வாள்? பெண் பிள்ளைகள் பாதியில் நிற்கும் காரணங்களைப் பேசும்போது டியூஷனைச் சொல்வோம், பரீட்சையைச் சொல்வோம், வெள்ளைக் கால்சட்டையையும் பூட்டியிருக்கிற கழிப்பறையையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாத்தியாரிடம் தங்கை பக்குவமாக எடுத்துச் சொன்னதும் அவர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை, பக்கத்துத் தெருவில் தன் மகள் வீடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இருப்பாள், அங்கே போய்க்கொள்ளட்டும் என்றார். அதனால் ஞாயிறு மட்டும் சிலம்பம் என்று முடிவானது. வார நாட்களுக்கு இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அம்மாபேட்டை

கடைசியில் கிடைத்தது நாங்கள் தேடவே நினைக்காத இடம். பாணி வேறு, ஷிட்டோ ரியு. ஊரின் மறுகோடி, ஜங்ஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வந்து அங்கிருந்து இன்னொரு பஸ். ஒரு பள்ளிக்கூட வளாகத்தில், சிமென்ட் தரையில், இரண்டு டியூப்லைட் வெளிச்சத்தில் நடக்கிற வகுப்பு. கண்ணாடி இல்லை, பேனர் இல்லை. நடுவரிசையில் ஏழெட்டுப் பேர், அதில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், ஒருத்தி பிளஸ் டூ, இன்னொருத்தி வீட்டில் தறி ஓட்டுகிறவர்களின் மகள், பி.காம். சேர்ந்த பிறகும் வந்துகொண்டிருக்கிறாள். பெண்கள் கருப்பு டிராக் பேன்ட் போட்டுக்கொள்ளலாம், போட்டிக்கும் கிரேடிங்குக்கும் மட்டும் வெள்ளை. பள்ளிக் கழிப்பறையின் சாவி மாஸ்டரிடம் இல்லை, நர்சிங் படிக்கிற பெண்ணிடம் இருந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று கேட்டேன், மாஸ்டரின் மனைவியாம். நல்ல மனுஷி.

மாஸ்டர் கடிதத்தை முழுக்கப் படித்தார். "கண்ணு, நீ கத்துக்கிட்டத ஒரு தடவை போடு" என்றார். ஹெயான் ஷோடான் என்ற கட்டாவைப் போட்டாள். வகுப்பில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள், முடித்ததும் கை தட்டினார்கள். பிறகு மாஸ்டர் தன் மாணவி ஒருத்தியை எழுப்பி பினான் நிடான் போடச் சொன்னார். அதே கட்டா! திருப்பங்கள் அதேதான், வரிசையும் அதேதான், ஆனால் நிலை குட்டை, உடம்பு உயரமாக நிற்கிறது, சில இடங்களில் கை போகிற வழி வேறு. ஜப்பானின் ஓகினாவாத் தீவில் அன்கோ இட்டோசு பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் கட்டாக்கள் ஐந்து. அவரிடம் கற்ற கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோ போய் கராத்தேயைப் பரப்பியபோது அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் வைத்து முதல் இரண்டின் வரிசையையும் மாற்றினார். அதே இட்டோசுவிடம் கற்ற கென்வா மபுனி தொடங்கிய ஷிட்டோ ரியு பழைய பெயரையும் வரிசையையும் வைத்துக்கொண்டது. அதனால்தான் இவளுடைய முதல் கட்டா அவர்களுக்கு இரண்டாவது. மாஸ்டர் இதைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொன்னார், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று காட்டினார். வெளியிலிருந்து வந்த பிள்ளையின் பழக்கத்தைத் தப்பு என்று திருத்தாமல், வகுப்புக்கே அதைப் பாடமாக்கிய அந்த அரை மணி நேரத்திலேயே என் மனதுக்குள் முடிவாகிவிட்டது.

பெல்ட் பற்றி அவர் சொன்னது இது. பெல்ட் உன்னுடையது, கட்டிக்கொள். பிரவுன் வரிசையில் கடைசியில் நில். ஆறு மாதத்துக்கு கிரேடிங் கிடையாது, அதற்குள் எங்கள் கட்டாவும் நிலைகளும் பழகிவிடும், அப்புறம் எந்தப் படியிலிருந்து தொடரலாம் என்று சேர்ந்து பேசுவோம். கட்டணம் மாதாமாதம், வருடக் கட்டணம் என்று மொத்தமாக வாங்குவதில்லை.

சேர்ந்து சில வாரம் கழித்துத்தான் நான் காத்திருந்தது நடந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த ஆளிடமிருந்து இல்லை. குமித்தே பயிற்சியில் குதித்துப் பின்வாங்கும்போது, எதிரே நின்ற நர்சிங் மாணவி சட்டென்று நிறுத்தி, "உன் லெஃப்ட் முட்டி உள்ள போகுது பாரு" என்றிருக்கிறாள். மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் அவளையே பொறுப்பாக்கிவிட்டார். தினமும் வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம், ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழுவது, படியிலிருந்து இறங்கி முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. குட்டையான ஷிட்டோ ரியு நிலைகள் இந்தச் சமயத்தில் அவளுக்கு உதவின, நீளமாக, ஆழமாக இறங்கி நிற்கிற ஷோட்டோகான் நிலைகளுக்கு இடுப்பில் பலம் ஏறும் வரை கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஒரு மாஸ்டர் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிறார், அவர் கண் எல்லா முட்டிக்கும் போகாது. நடுவரிசை இருக்கிற வகுப்பில் பார்க்கிற கண்கள் பத்து. தனக்கும் அதே வயதில் அதே முட்டி வலித்த அக்கா ஒருத்தி எதிரே நிற்கிறாள், இதற்கு ஈடாக எந்தச் சான்றிதழும் எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு பற்றித் தங்கை தனியாகவே மாஸ்டரிடம் பேசினாள், நான் உடன் போகவில்லை, ஆண்கள் இருவர் பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. பெற்றோர் எந்த நாளும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து உட்காரலாமா, தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார்களா, வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பெண் பிள்ளைகளோடு பெண் ஒருவர் வருகிறாரா, வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை யார் இருக்கிறார்கள், மாணவிகளுக்கு மாஸ்டர் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவாரா, பெற்றோர் இருக்கிற குழுவில் மட்டும்தானா. இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கினாள். தப்பாக நினைக்கிற இடம் என்றால் அன்றைக்கே திரும்பி வந்துவிடலாம். போக்ஸோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது, பிள்ளைகளோடு வேலை செய்கிற யாருக்கும் இந்தக் கேள்விகள் புதிதாக இருக்கக் கூடாது. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் எல்லா அம்மாவும் கேக்கணும்ங்க" என்றாராம்.

தூரம்தான் கடைசி வரை இடித்தது. சூரமங்கலத்திலிருந்து அம்மாபேட்டை போவதென்றால் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும், ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகும் மாலை ஆறு மணிக்குக் கீழே நெரிசல் நெரிசல்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் செலவு இல்லை, நேரம்தான் செலவு. வாரத்தில் மூன்று நாள் போய்ப் பார்த்தாள், வீட்டுப்பாடம் தேங்கியது, இரண்டு நாளாகக் குறைத்தார்கள். திரும்பும்போது பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் அம்மா பழைய பஸ் ஸ்டாண்டு வரை கூட வருவார், தங்கைக்கு மாலை ஷிப்ட் இல்லாத நாட்களில் அவளே அங்கே வந்து நிற்பாள், ஷிப்ட் இருக்கிற நாட்களில் நான். பக்கத்திலேயே இருந்த அந்த ஷோட்டோகான் ஹாலுக்குப் போயிருந்தால் பத்து நிமிட நடை. எங்களைப் பலர் கேட்டார்கள், நடக்கிற தூரத்தில் அதே பாணி இருக்கும்போது எதற்கு இந்த அலைச்சல் என்று. பாணி மாறினால் ஆறு மாதத்தில் பழகிவிடலாம். கூட நிற்க ஆள் இல்லாத பிள்ளை ஆறு மாதத்தில் நின்றுவிடும் என்பதுதான் என் பதில்.

ஒரு வருடம் கழித்து

இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியிலேயே இருந்திருந்தால் இந்நேரம் முதல் கியூ முடித்திருப்பாள், பிளாக் பெல்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். இங்கே இப்போதுதான் இரண்டாவது கியூ. முதல் சில மாதங்கள் கட்டாவில் இரண்டு பாணியும் கலந்து போனது, எடையைப் பின்காலில் போட்டு ஆழமாக நிற்கிற பின்கால் நிலை வர வேண்டிய பழைய கட்டாவில், முன்காலை லேசாக ஊன்றுகிற குட்டையான பூனைக்கால் நிலை வந்து நிற்கும், பதிலுக்கு இங்கே பூனைக்கால் வர வேண்டிய இடத்தில் பழையபடி ஆழமாக இறங்கிவிடுவாள். மாவட்டப் போட்டி ஒன்றில் அதற்காகவே தோற்றாள். அழுதாள். அடுத்த வகுப்புக்கு அவள் வருவாளோ மாட்டாளோ என்று தங்கை என்னிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், ஏனென்றால் அன்று நர்சிங் அக்காவுக்கு கடைசிப் பயிற்சி நாள், மறுநாள் அவளுக்குப் பிராக்டிகல் தேர்வு.

இப்போது பத்தாம் வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள்: ஜனவரியிலிருந்து பொதுத்தேர்வு முடியும் வரை பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்கள் சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும், பாதிக் கட்டணம், பெயர் வருகைப் பதிவில் அப்படியே இருக்கும். நின்றுவிட்டு மறுபடி சேர வேண்டிய அவசியமே வராது. பாதிப் பிள்ளைகள் இந்த ஒரு ஏற்பாட்டினால்தான் நடுவரிசையில் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். மற்ற மாஸ்டர்களும் இதைச் செய்ய முடியும், பெரிய செலவும் கிடையாது. சிலம்பம் மட்டும் தேர்வு வரை நின்றிருக்கிறது. வாத்தியாரிடம் போய்ச் சொன்னபோது, பிரம்பு என்னிடமே இருக்கட்டும், எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

முட்டி இப்போது நேராக நிற்கிறது, களைத்துப்போனால் மட்டும் லேசாகச் சாயும், அவளுக்கே தெரிகிறது, தானே திருத்திக்கொள்கிறாள். அடுத்த கிரேடிங் மே மாதம். எந்தப் பாணிக் கட்டா போடுவது என்று தூத்துக்குடி மாஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டாள், அவர், "நீ நிக்கிற வகுப்போட கட்டாவையே போடு, என்னோடத மறக்காம வச்சுக்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மாபேட்டை மாஸ்டர் இரண்டையும் போடச் சொல்லியிருக்கிறார், மதிப்பெண் முதலில் போடுகிற ஒன்றுக்கு மட்டும்.